எல்என்பியைத் திருகிப் பார்த்த பெண்

போன வாரம் மகளோடு வந்தபோது, "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால் அவ்வளவுதானா சார்?" என்று நாலு தடவை கேட்டீர்கள், அம்மா. அன்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பு. வளையலை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்காதீர்கள். கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரி இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) வாங்கும் அளவுக்கு அவளிடம் கட்ஆஃப் இருக்கிறது. அடகுக்கான வட்டியை பெங்களூரு மாமா கட்டப்போவதில்லை.

மொட்டைமாடி டிஷ்ஷில், சிக்னலை வாங்கும் சின்னப் பெட்டியான எல்என்பியைத் திருகத் திருக சிக்னல் ஏறி இறங்குவதை அவள் நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள், தெரியுமா? பிளஸ் டூவில் தளவிளைவு என்று படித்தாளே, அதே போலரைசேஷன்தான், அதாவது அலை எந்தத் தளத்தில் ஆடுகிறது என்பதுதான் அது. அதை மாற்றித் தரும் கன்வெர்ட்டரை வடிவமைப்பது தனித் தொழில். கோடாக ஆடும் அலையை வட்டமாகச் சுழலவிட்டால், வாங்கும் ஆன்டெனா எப்படித் திரும்பியிருந்தாலும் சிக்னல் அறுந்துபோகாது. ஜிபிஎஸ்ஸில் வருவது அப்படிப்பட்ட அலைதான். சர்க்யூட் போர்டில் செம்புக் கோடுகளை நெளிநெளியாகப் பொறித்து, அலையை 45 டிகிரி சாய்வில் விடுவார்கள். அதன் இரண்டு கூறுகளில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அளவு சமமாக, இடைவெளி 90 டிகிரியாக இருந்தால் வட்டம். ஒரே அலைவரிசைக்கு இதைச் செய்வது பெரிய வித்தையில்லை. 8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரை அந்த 90 நழுவாமல் பிடிப்பதில்தான் கைத்திறன்: நடுவே ஃபோம் வைத்து அடுக்கடுக்காகக் கட்டி, ஒரு அடுக்கின் பிசகை இன்னொன்றால் ஈடுகட்ட வேண்டும். பிறகு அலை எதிரொலிக்காத அனெக்கோயிக் சேம்பரில் வைத்து, வட்டம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று காட்டும் ஆக்ஸியல் ரேஷியோ 3 டெசிபலைத் தாண்டவில்லை என்று அளந்து காட்ட வேண்டும். (1898-இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் முறுக்கிய சணலை வைத்தே மைக்ரோவேவின் தளத்தைத் திருப்பிக் காட்டினார். இவள் எல்என்பியைத் திருகுவதற்குத் திட்டாதீர்கள்.)

பி.இ. முடித்த கையோடு இதில் வேலை வராது. கேட் என்ற நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெக். போக வேண்டும். கரக்பூர், ரூர்க்கி ஐஐடிகளில் ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை), மைக்ரோவேவுக்கென்றே படிப்பு உண்டு; கேட் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். தரமணியில் சமீர் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம், அகமதாபாத்தில் இஸ்ரோ, பெங்களூரில் ரேடார் ஆய்வகம் என்று இடங்கள் இருக்கின்றன, ஆனால் கொஞ்சம்தான். இதற்கு அடிப்படைக் கணக்கான வெக்டர் கால்குலஸ் அவளுக்குக் கசந்தால் நானே வேண்டாம் என்பேன். அதுவரை மின்காந்த அலைகளைக் கணக்கிட்டுக் காட்டும் ஓப்பன்இஎம்எஸ் என்ற இலவச மென்பொருளை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு விளையாடட்டும்.

அட்வான்ஸ் கட்டுவதை நிறுத்தி வையுங்கள். சனிக்கிழமை வரும்போது மாமா வேண்டாம், அந்த நோட்டு போதும்.