லெமூரா, தேனீயா?

கேள்வி: மடகாஸ்கர் லெமூரின் படத்தைப் போட்டு ஊரெல்லாம் நிதி திரட்டுகிறார்கள். அழிந்துவரும் தேனீயை யாரும் கண்டுகொள்வதில்லை. மரம் தாவும் குரங்கால் யாருக்கு என்ன பயன்? தேனீ இல்லாவிட்டால் சோறே இல்லையே! முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும்?
– வாசகர், தேனி

பதில்: தேனிக்காரர் தேனீக்குப் பரிந்து பேசுவதில் வியப்பில்லை. ஆனால் சோற்றை இதில் இழுக்காதீர்கள். நெல் தன் மகரந்தத்திலேயே விளைந்துவிடும். தேனீயின் தயவு அதற்கு வேண்டாம்.

லெமூர் குரங்கும் அல்ல, குரங்குக்குத் தூரத்து உறவு. பயன் கேட்டீர்களே, நம் ஊர் விடுதி வாசல்களில் அழகுக்கு நட்டிருக்கும் விசிறி வாழையைப் பார்த்திருப்பீர்கள். அதன் சொந்த ஊர் மடகாஸ்கர். அங்கே அதன் பூவை மூடியிருக்கும் தடித்த மடலைக் கையால் விலக்கி, நீண்ட முகத்தை உள்ளே நுழைத்துத் தேனை நக்குகிறது கறுப்பு வெள்ளை ரஃப்டு லெமூர். முகத்து மயிரில் அப்பிய மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குப் போகிறது. நீங்கள் தேனீக்கு எழுதிவைத்த வேலையை மூன்று, நான்கு கிலோ எடையுள்ள ஒரு விலங்கு செய்துகொண்டிருக்கிறது, ஐயா! காட்டை வெட்டி எரிப்பதாலும் இறைச்சி வேட்டையாலும் அது இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

இனி உங்கள் கட்சிக்காரர். அமெரிக்காவில் முதுகில் துருநிறத் திட்டுள்ள ஒரு குண்டுத் தேனீ உண்டு. பம்பிள் பீ வகை. 28 மாநிலங்களில் பறந்து திரிந்தது, 2017இல் அரசின் அழிவுப் பட்டியலில் ஏறியபோது 13 மாநிலங்களில் மட்டும், அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சியிருந்தது. நோய், பூச்சிமருந்து, பூத்த புல்வெளிகள் உழவுக்குப் போனது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். நாம் புட்டியில் வாங்கும் தேன் இதனிடம் கிடைக்காது. ஆனால் தக்காளிப் பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவிட்டு மகரந்தத்தை உதிர்க்கும். தேன் தரும் வளர்ப்புத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

ஆக, பயனை வைத்து வரிசை போட்டால் உங்கள் தராசு ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஒன்றுக்கு வேண்டியது மழைக்காடு, மற்றதற்கு வேண்டியது அமெரிக்க வயலோரத்துப் பூக்கள். ஒன்றின் தட்டில் இருப்பதை மற்றது பிடுங்கவில்லை.

படம் போடுவதில்லை என்று சொன்னீர்களே, அது மட்டும் உண்மை. இலையுதிர் காலத்தோடு அந்தக் குண்டுத் தேனீயின் கூட்டில் எல்லாம் செத்துவிடும். கருவுற்ற இளம் ராணி மட்டும் மண்ணுக்குள் தன்னந்தனியாகப் பனிக்காலம் முழுவதும் அசையாமல் கிடக்கும். அதை எந்தச் சுவரொட்டியில் போடுவது?