இயல்பிருப்பை மாற்றலாமா?

கேள்வி: திறந்த மூல மென்பொருள்களில் பல ஆண்டுகள் பழகிய இயல்பிருப்பை (டீஃபால்ட்: பயனர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது மென்பொருள் தானே பின்பற்றும் அமைப்பு) திடீரென மாற்றுவது பயனர்களுக்குச் செய்யும் துரோகம் அல்லவா? வேண்டியவர்கள் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமே? (வாசகர், ஈரோடு)

பதில்: பாதிக்கப்படுபவருக்கு அப்படியோர் அமைப்பு இருப்பது தெரிந்திருந்தால் விட்டுவிடலாம். தெரியாதவரைத்தான் இயல்பிருப்பு ஆள்கிறது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், அவற்றைச் சர்வருக்கு அனுப்ப 'கிட் புஷ்' என்று மட்டும் கட்டளையிட்டால், அப்போது வேலை செய்துகொண்டிருக்கும் கிளையோடு (நிரலை வளர்க்கும் தனித் தடம்), தம் கணினியிலும் சர்வரிலும் ஒரே பெயரில் உள்ள மற்றக் கிளைகளும் சேர்ந்தே போய்விடும் என்பதுதான் நீண்ட காலம் நடைமுறையாக இருந்தது. பழகியவர்களுக்கு அது வசதி. புதியவரோ, சர்வரில் இருப்பதன் மேலேயே எழுதச் சொல்லும் 'ஃபோர்ஸ்' என்பதையும் சேர்த்துவிட்டால், தாம் தொட நினைக்காத கிளையில் சக பணியாளர் சேர்த்திருந்ததையும் அழித்துவிடுவார். இதை மாற்றிக்கொள்ளும் அமைப்பு 2009-லிருந்தே இருந்தது. அதாவது, நீங்கள் சொல்லும் யோசனை அங்கே நடைமுறையில்தான் இருந்தது, அது போதவில்லை.

ஆகவே வேலை செய்துகொண்டிருக்கும் கிளை மட்டுமே போகும்படி மாற்றினார்கள், ஆனால் திடீரென அல்ல. எதையும் தேர்ந்தெடுக்காத பயனர் அந்தக் கட்டளையை இடும்போதெல்லாம், மாற்றம் வரப்போகிறது என்று 2012-லிருந்து கிட் மென்பொருளே எச்சரித்தது. பழையபடி தொடர ஒரு வரியும், புதியதை உடனே ஏற்க ஒரு வரியும் அந்த எச்சரிக்கையிலேயே இருந்தன. 2014 மே மாதம் வந்த 2.0 பதிப்பில்தான் மாற்றம் நடப்புக்கு வந்தது. பதிப்புக் குறிப்பில் எழுதிவிட்டோம் என்று கைகழுவாமல், பயனரின் கண்முன் வந்து சொன்ன இந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

உங்கள் கோபம் நியாயமாகும் இடம் வேறு. லினக்ஸ் கணினிகளில் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 230-ஆம் பதிப்பு, 2016 மே மாதம் வந்தது. அது, பயனர் வெளியேறியதும் அவர் விட்டுச்சென்ற செயல்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) அனைத்தையும் நிறுத்துவதை இயல்பிருப்பாக்கியது. தேங்கிய செயல்களை அகற்றும் நோக்கம் சரியானதே. ஆயினும் தொலைவிலுள்ள சர்வரில் நீண்ட கணக்கீடு ஒன்றை டிமக்ஸில் (வெளியேறிய பிறகும் வேலையைத் தொடர உதவும் கருவி) ஓடவிட்டு வெளியேறியவருக்கு, வேலை பறிபோன பிறகே செய்தி தெரியவரும். சிஸ்டம்டியைப் பயன்படுத்தும் லினக்ஸ் வெளியீடான டெபியன், பழைய நடைமுறையையே தன் பயனர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

பாதுகாப்பு என்று வந்துவிட்டால் இவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. இணைய முகவரியில் எவரும் எழுதும் பெயர், நிரலின் மாறியாகவே (மதிப்பைத் தாங்கும் பெயர்) ஆகிவிடும் வசதியை, இணையதளங்களுக்கான நிரல்மொழியான பிஎச்பி 2002 ஏப்ரலில் இயல்பாக முடக்கியது. மாற்று வழியை அறிமுகப்படுத்தி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. அதைச் சரி என்றே சொல்வேன். பழையது தேவைப்பட்டவர்கள் அதை மீண்டும் இயக்கிக்கொள்ளும் வழியும், 2012-ல் 5.4 பதிப்பு வரும் வரை திறந்தே இருந்தது.