பெட்டிக்குள் கிடக்கும் சரித்திரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏலப் பட்டியல் ஒன்றில், சித்திர வேலைப்பாடுள்ள அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளரான கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1851 நேவி மாதிரி ரிவால்வர் ஒன்றைப் பார்த்தேன். அதன் குண்டு நிரப்பும் உருளையைச் சுற்றிப் போர்க்கப்பல்கள் செதுக்கப்பட்டுள்ளன. இதைக் கைவேலை என்று நம்பலாமா?

பதில்: கப்பல்களை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வாட்டர்மன் ஆம்ஸ்பி என்ற செதுக்கோவியர் உருவாக்கிய அச்சை உருளைமீது அழுத்தி உருட்டிப் பதித்த காட்சி அது. மெக்சிகோவுக்கு எதிராக டெக்சாஸ் கடற்படை 1843 மே 16 அன்று நடத்திய போரைக் காட்டுகிறது. அலங்காரமே இல்லாத சாதாரண நேவி ரிவால்வரிலும் இதே காட்சி உண்டு. உளியால் செய்த வேலை இருக்குமானால் அது குழலிலும் உடற்சட்டத்திலும் விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியலிலும் கைப்பிடியின் பின்பட்டையிலும் கொடிச்சுருள்களாக ஓடியிருக்கும். அந்த இடங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

தொழிற்சாலையில் எஃகைப் பதப்படுத்தி நீல மெருகு ஏற்றுவதற்கு முன்பே உளி ஓடிவிடும். ஆகவே கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் உலோகம் ஒரே வயதைக் காட்ட வேண்டும். விளிம்புகள் கைபட்டுத் தேய்ந்து மழுங்கியிருக்க, அவற்றின்மேல் செல்லும் கோடு மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக நின்றாலோ, துருக்குழியின் ஊடே கோடு புகுந்து சென்றாலோ, அது பிற்காலத்தில் விலை ஏற்றுவதற்காகச் செய்த வேலை என்று கொள்ளலாம். ‘குஸ்டாவ் யங் செதுக்கியது’ என்று பட்டியலில் இருந்தால் ஆதாரம் கேளுங்கள். கோல்ட் நிறுவனத்துக்குப் பணியாற்றிய அந்த ஜெர்மானியக் கலைஞரின் பெயரை விற்பவர்கள் தாராளமாகவே பயன்படுத்துகிறார்கள். நியூயார்க்கில் தொழில் செய்த செதுக்கோவியர் நிம்ஷ்கேயின் நிலை சற்று வேறு: தம் செதுக்குவேலைகளின்மேல் மை தடவித் தாளில் எடுத்த படிகளை அவர் ஒட்டிவைத்த ஏடு எஞ்சியிருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழியாவது இருக்கிறது.

கேள்வி: ரிவால்வர் அசல் என்றால் அதன் பெட்டியும் அசல்தானே?

பதில்: அப்படிச் சொல்வதற்கில்லை. இந்தச் சேகரிப்பில் நான் கடைசியாக நம்புவது பெட்டியைத்தான். துப்பாக்கியை விடப் பெட்டியைப் போலியாகச் செய்வது எளிது. பழைய எழுதுபெட்டியொன்றில் தடுப்புகளை ஒட்டிக் கம்பளித் துணி விரித்தால் வேலை முடிந்தது.

ஆங்கிலேயப் பாணிப் பெட்டியில் ஓக் அல்லது மகோகனி மரத்துக்குள் நேரான தடுப்புகளும் பெரும்பாலும் பச்சைக் கம்பளித் துணியும் இருக்கும். பிரெஞ்சுப் பாணியில், ஒவ்வொரு பொருளின் வடிவத்துக்கும் ஏற்பக் குடைந்த பள்ளங்களின்மேல் வெல்வெட் போர்த்தியிருக்கும். பிரெஞ்சுப் பாணியில் ஏமாற்றுவது கடினம், ஏனென்றால் வேறு துப்பாக்கி அந்தப் பள்ளத்தில் பொருந்தாது. ஆங்கிலேயப் பாணியில் துணிதான் சாட்சி. பல்லாண்டுகள் ஒரே இடத்தில் கிடந்த ரிவால்வரின் உருளையும் விசைக்காப்பும் துணியில் தழும்பு பதித்திருக்கும். மூடியின் உட்புறத்திலும் சுத்தியல் முட்டிய வடு தெரியலாம். ரிவால்வரை வைத்து எடுத்துப் பாருங்கள். தழும்பு ஓரிடத்திலும் பொருள் வேறிடத்திலும் இருந்தால் அவை பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட ஜோடி. தடுப்பின் அருகே வெளுக்காத பச்சைக் கோடு ஒன்று தெரிந்தால் அந்தத் தடுப்பு இடம் மாறியிருக்கிறது.

உபகரணங்களையும் தனித்தனியே சோதியுங்கள். வெடிமருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, நிப்பிள் (உருளையின் பின்புறம் கேப் பொருத்தும் சிறு முனை) கழற்றும் சாவி, கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோக மூடி) டப்பா ஆகியவை ஒரு முழுத் தொகுப்பில் இருக்கும். குழல் துளை .36 அங்குல அளவுள்ள நேவியின் பெட்டியில் .31 அளவுள்ள பாக்கெட் மாதிரியின் அச்சு கிடப்பதை அடிக்கடி காணலாம். எங்கோ குறைந்ததை யாரோ நிரப்பியிருக்கிறார்கள். அதனாலேயே வாங்கக் கூடாது என்றில்லை, ‘முழுத் தொகுப்பு’ என்ற விலையைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: இவற்றை வைத்திருக்க உரிமம் தேவையா?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ தயாரானவற்றைப் பழம்பொருளாகக் கருதி விலக்களிக்கிறது. ஆயினும் மாநிலச் சட்டங்களைத் தனியே பார்க்க வேண்டும். உங்கள் நாட்டின் விதிகளையும் இறக்குமதி நிபந்தனைகளையும் ஏலம் கேட்பதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கிய ரிவால்வரைப் பெட்டியிலேயே வைத்துப் பாதுகாக்கலாமா? உள்ளிருக்கும் ஈயக் குண்டுகளில் வெண்பொடி படிந்துள்ளது.

பதில்: அந்த வெண்பொடி பெட்டியின் குற்றம். ஓக் மரத்திலிருந்து வெளியேறும் அமில ஆவி ஈயத்தை அரித்து ஈயக் கார்பனேட்டாக மாற்றுகிறது. அது நச்சு, வெறுங்கையால் தேய்த்துத் துடைக்காதீர்கள். அதே ஆவி எஃகுக்கும் நல்லதல்ல. காட்சிக்கு மட்டும் பெட்டியில் அடுக்கிவிட்டு, மற்ற நாட்களில் ரிவால்வரை மெல்லிய மெழுகுப் பூச்சுடன் வெளியே வைப்பதே மேல். எண்ணெய் அதிகம் தடவினால் துணியில் கறை இறங்கும். துணியில் உள்ள தழும்புகளே உங்கள் சான்று என்பதால் அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளாக மருந்தும் குண்டும் நிரம்பியபடியே கிடக்கும் உருளைகள் உள்ளன. கரிமருந்து உலர்வாக இருந்தால் இன்றும் வெடிக்கும். டப்பாவில் மிஞ்சியிருக்கும் பழைய கேப்புகளும் அப்படித்தான். ஆகவே அறைகள் ஒவ்வொன்றும் காலி என்பதைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் வல்லுநர் ஒருவரிடம் காட்டி உறுதிசெய்த பிறகே சுத்தம் செய்யும் பேச்சை எடுங்கள்.