ஹெரிஃபோர்ட்ஷயரில் ஓக் வீடு: மரம் வரும் முன்னே காசு போய்விடும்

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். கணவருக்கு 56, எனக்கு 52, பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டை விற்றால் 7,20,000 பவுண்டு வரும் என்கிறார்கள், கடன் பாக்கி 90,000. வங்கியில் 1,40,000 இருக்கிறது. ஹெரிஃபோர்ட்ஷயரில், பெம்பிரிட்ஜ் பக்கம், ஒரு கால் ஏக்கர் காணி பிளானிங் அனுமதியோடு 1,95,000க்கு வந்திருக்கிறது. அந்த ஊர்களில் இருக்கிற கறுப்பு வெள்ளை மரவீடு மாதிரி ஓக் ஃபிரேமில் கட்டவேண்டும் என்று இவருக்குப் பல வருஷத்து ஆசை. கட்டுமானம் 4,80,000 ஆகும், அதில் ஃபிரேம் மட்டும் 1,18,000, பொருத்திக் கொடுப்பதற்கு வேறு ஆட்கள் 14,000 (கொட்டேஷனை இணைத்திருக்கிறேன்). ஹாரோ வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுக் கடன் வாங்கிக் கட்டலாமா, அல்லது விற்றுவிட்டே இறங்கலாமா? பக்கத்தில் இரண்டு ஏக்கர் புல்வெளியும் 30,000க்குத் தருகிறார்கள், இவர் ஆடு வளர்க்கப் போகிறாராம். மாமியார், மரவீடு என்றால் கறையான் தின்றுவிடும் என்று தினமும் போனில் சொல்கிறார்.

பதில்: மாமியாரை முதலில் சமாதானப்படுத்துங்கள். பிரிட்டனில் கறையான் கவலை இல்லை, பெம்பிரிட்ஜிலும் பக்கத்து ஊரான வெப்லியிலும் நிற்கிற ஓக் வீடுகளில் பல 400, 500 வருஷம் பார்த்தவை. மரத்தைக் கெடுப்பது ஈரம்தான். உங்கள் வீட்டில் எனக்குப் பயம் மரத்தைப் பற்றியே இல்லை, காசு எந்த நாளில் கையை விட்டுப் போகிறது என்பதைப் பற்றி.

உங்கள் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். வடிவமைப்பு உறுதியானதும் 10 சதவீதம், மரம் ஆர்டர் செய்யும்போது 40, பட்டறையை விட்டு லாரி கிளம்பும் முன் 40, மிச்சம் 10 பிறகு. அதாவது உங்கள் காணியில் ஒரு துண்டு ஓக் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே 1,06,200 பவுண்டு கொடுத்து முடித்திருப்பீர்கள். இந்தத் தொழிலில் இது அதிசயமில்லை. பச்சை ஓக்கை, அதாவது காயவைக்காத ஈர மரத்தை, உங்கள் வரைபடத்துக்கென்றே அறுத்து, மூட்டுகளுக்குப் பொளியும் கழுந்தும் வெட்டி, பட்டறைத் தரையில் ஒருமுறை கோத்துப் பார்த்துப் பிரித்துத்தான் அனுப்புவார்கள். அந்த மரம் வேறு எந்த வீட்டுக்கும் உதவாது, அதனால் முன்பணம் கேட்கிறார்கள், அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் சுயமாகக் கட்டுபவர்களுக்குக் கொடுக்கும் கடனில் பெரும்பாலானவை வேலை முடிந்த பிறகுதான் பணத்தை விடுவிக்கும்: காணி, அத்திவாரம், ஃபிரேம் எழும்புதல், கூரை மூடுதல் என்று படிப்படியாக. ஃபிரேம் எழும்பினால்தான் ஃபிரேமுக்குப் பணம், ஃபிரேமுக்குப் பணம் கொடுத்தால்தான் அது எழும்பும். இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டு பாதியில் நின்ற இரண்டு குடும்பங்களை எனக்கே தெரியும். முன்கூட்டியே விடுவிக்கிற கடனும் கிடைக்கிறது, ஆனால் தேர்வு குறைவு, செலவு கூட.

அதனால் முதல் கேள்விக்குப் பதில்: விற்றுவிட்டு இறங்குங்கள். ஹாரோவை வாடகைக்கு விட்டால் இரண்டு கடன், ஒரு வாடகைக்காரர், கட்டுமானத் தலைவலி எல்லாம் 56 வயதில் ஒன்றாக வரும். அதோடு நீங்கள் வெளியேறிவிட்டால், விற்பதற்கு முந்தைய கடைசி 9 மாதம் மட்டும்தான் சொந்த வீடு என்ற வரிவிலக்கில் தானாகச் சேரும், அதற்கு மேல் விட்டுவைக்கிற காலத்துக்கான லாபத்தில் ஒரு பங்குக்கு மூலதன லாப வரி வரும். விற்ற பணம் வங்கியில் கிடக்குமே என்று பயப்படவேண்டாம். சாதாரணமாக ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,20,000 வரைதான் காப்பீடு (2025 டிசம்பர் முதல், அதற்கு முன் 85,000), ஆனால் வீடு விற்ற பணத்துக்கு முதல் 6 மாதம் 14 லட்சம் பவுண்டு வரை பாதுகாப்பு உண்டு. ஆறு மாதம் முடிவதற்குள் பிரித்துப் போட்டுவிடுங்கள், இருவர் பெயரிலும் உள்ள கணக்கென்றால் 2,40,000 வரை தாங்கும்.

இப்போது கணக்கு. விற்றுக் கடனைக் கட்டி, ஏஜென்ட், வக்கீல் செலவுக்கு 15,000 கழித்தால் 6,15,000. சேமிப்போடு 7,55,000. செலவுப் பக்கம்: காணி 1,95,000. முத்திரை வரி காணி விலைக்கு மட்டும்தான், வெறும் காணியென்றால் வழக்கமாகக் குடியிருப்பு அல்லாத விகிதத்தில் 900 பவுண்டு, யாருடைய வீட்டுத் தோட்டத்தையாவது வெட்டி விற்கிறார்களென்றால் மட்டும் வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள். கட்டுமானம் 4,80,000. ஆர்கிடெக்ட், இன்ஜினியர், கட்டிட அனுமதி, 10 வருஷ வாரண்டி, காப்பீடு என்று 45,000 வைத்திருக்கிறேன், உங்கள் கடிதத்தில் அந்தச் செலவே இல்லை. எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதம், 72,000. பதினெட்டு மாதம் அங்கேயே வாடகைக்கு இருக்க, மாதம் 1,100 என்றால், 19,800. கூட்டினால் கிட்டத்தட்ட 8,13,000, அதாவது 58,000 துண்டு விழுகிறது. கணவர் தன் பென்ஷனில் கால்பங்கை வரியில்லாமல் எடுத்து அடைத்துவிடலாம் என்று நினைப்பார், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள், வீட்டைச் சின்னதாக்குங்கள்.

எப்படி என்றால், வீடு முழுக்க ஓக் வேண்டாம். சமையலறையும் ஹாலும் சேர்ந்த பெரிய பகுதி, மாடிப்படி, முன்வாசல் போர்ட்டிகோ, இவை ஓக். படுக்கையறைப் பக்கம் சாதாரண பைன் மரச்சட்டகம், வெளியே அதே சுண்ணாம்புப் பூச்சு. வரைபடத்தில் வெளித்தோற்றம் மாறினால் பிளானிங் அனுமதியையும் திருத்த வேண்டும், ஆர்கிடெக்ட்டிடம் முதலிலேயே கேளுங்கள். கட்டுமானம் 4,10,000க்கு இறங்கினால் எதிர்பாராத செலவும் 61,500 ஆகிறது, மொத்தம் 7,32,000 சொச்சம், கையில் 22,800 மிஞ்சும். அதற்குக் கீழே நான் சம்மதிக்க மாட்டேன்.

அந்தக் கறுப்பு வெள்ளைத் தோற்றம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மரத்துக்குக் கறுப்புப் பூசுவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு மோகம், அதற்கு முன் பல வீடுகளில் ஓக்கை அப்படியே விட்டுவிட்டார்கள், வெயிலிலும் மழையிலும் அது வெள்ளிச் சாம்பல் நிறமாகிவிடும். நீங்களும் அப்படியே விடுங்கள், சில வருஷத்துக்கு ஒருமுறை சாரம் கட்டிப் பெயின்ட் அடிக்கிற செலவு மிச்சம். அப்புறம், மரம் வெளியே தெரிந்து நடுவில் சுவர் நிரப்பினால், பச்சை மரம் வருஷக்கணக்கில் காய்ந்து சுருங்கும்போது இடையில் சந்து விழும். ஓக் நீளவாட்டில் சுருங்காது, குறுக்கே சுருங்கும். ஃபிரேமை உள்ளே வைத்து வெளியே காப்புப் பலகையால் முழுக்கப் போர்த்தினால் இந்தத் தலைவலியும் இல்லை, பின்னாளில் வீட்டை வாங்க வருபவருக்குக் கடன் கொடுக்கிற வங்கிக்கும் நிம்மதி. வெளியே தெரிய வேண்டிய மரத்தைப் போர்ட்டிகோவிலும் மழை அடிக்காத பக்கத்திலும் காட்டுங்கள். மேற்குப் பக்கம் வேண்டாம். எதுவாக இருந்தாலும் வாரண்டி நிறுவனத்திடம் அந்த வரைபடத்தைக் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகுதான் மரத்துக்கு ஆர்டர். ஓக் வீடு கட்டிக் குடிபோன என் வாடிக்கையாளர் ஒருவர் முதல் குளிர்காலத்தில் ராத்திரி ‘டப்’ என்று சத்தம் கேட்டு எழுந்து திருடன் என்று கட்டையோடு இறங்கினார், பார்த்தால் ஹீட்டிங் போட்டதில் உத்தரம் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. அது பழுது இல்லை, அதன் சுபாவம், வாரண்டியும் அதற்குக் காசு தராது. பூச்சு வெடிப்புகளைச் சரிசெய்ய இரண்டாம் வருஷத்துக்கென்று கொஞ்சம் ஒதுக்குங்கள்.

இனி வாட் (மதிப்புக் கூட்டு) வரி. நீங்கள் கவனிக்காத வரி இதுதான். புது வீட்டுக் கட்டுமானத்துக்கு, கான்ட்ராக்டர் பொருளையும் கொண்டுவந்து பொருத்தியும் கொடுத்தால், வாட் பூஜ்யம். பொருளை மட்டும் விற்றால் 20 சதவீதம். உங்கள் 1,18,000க்கு அடியில் பொடி எழுத்தில் ‘வாட் தனி’ என்றிருக்கிறது, பொருத்துவது வேறு ஆட்கள் என்பதால் மேலே 23,600 கட்டவேண்டி வரும். அதை வரித்துறையிடம் திரும்பக் கேட்கலாம், ஆனால் வீடு முடிந்த பிறகு, ஒரே ஒரு முறை, 6 மாதத்துக்குள் (2023 டிசம்பருக்கு முன் 3 மாதம்தான்). அதுவரை அந்தக் காசு முடங்கும். நான் மிஞ்சும் என்று காட்டிய 22,800ஐ இது ஒன்றே விழுங்கிவிடும். ஃபிரேம் பட்டறையே பொருத்தியும் கொடுக்கிற மாதிரி 1,32,000க்கு ஒரே ஒப்பந்தமாகக் கேளுங்கள், பிரச்சினையே முளைக்காது. பூஜ்யம் போட வேண்டிய வேலைக்கு யாராவது தவறுதலாக வாட் போட்டால் கட்டிவிட்டு வரித்துறையிடம் போகாதீர்கள், தரமாட்டார்கள், போட்டவரிடமே திருத்தி வாங்கவேண்டும். ஆர்கிடெக்ட் கட்டணத்து வாட் எப்போதும் திரும்பாது, கம்பளம், பிரிட்ஜ் மாதிரிச் சாமான்களுக்கும் அப்படியே.

முன்பணத்தை கிரெடிட் கார்டில் கொடுத்தால் பாதுகாப்பு என்று யாராவது சொல்வார்கள். 1974 கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குத்தான், உங்கள் ஃபிரேமுக்கு அது உதவாது. அதற்குப் பதிலாக, முன்பணத்துக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள், பணம் கட்டிய மரம் உங்களுக்குச் சொந்தம் என்று அடையாளமிட்டு ஒரு தாள் எழுதி வாங்குங்கள். பட்டறை மூடினால் உங்களிடம் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.

கவுன்சில் புதுக் கட்டிடங்களுக்கான கட்டமைப்பு வரி (CIL) அறவிடுகிறதா என்று பார்த்து, அறவிட்டால் சுயமாகக் கட்டுபவருக்கான விலக்கை மண்வெட்டி தரையில் படும் முன்னே வாங்கிவிடுங்கள். முடிந்த பிறகு 3 வருஷம் அங்கேயே குடியிருக்க வேண்டும்.

ஆட்டு விஷயம்: சொந்த வீட்டு வரிவிலக்கு வீட்டோடு சேர்த்துச் சாதாரணமாக அரை ஹெக்டேருக்குத்தான், அதாவது ஒன்றேகால் ஏக்கர் போல. இரண்டு ஏக்கர் புல்வெளி அதற்கு வெளியே போய்விடும், மிஞ்சுகிற 22,800ல் அதற்கு இடமும் இல்லை. ஆட்டை வீடு முடிந்த பிறகு யோசிக்கச் சொல்லுங்கள்.

காணிக்கு ஒப்பந்தம் கைமாறினால் 10 சதவீதம் கட்டவேண்டி வரும். மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கான விலையும், திருத்திய ஃபிரேம் கொட்டேஷனும் எழுத்தில் கையில் வரும்வரை அதைக் கட்டாதீர்கள். வந்ததும் எண்களை எனக்கு அனுப்புங்கள், மறுபடி கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.