'அவள் பேசுகிறாள்' எப்படி 'பேசு' ஆகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பானிஷ் படிக்கிறேன். தோழியிடம் 'பேசு' என்பதற்கு 'ஆப்லஸ்' என்கிறேன். 'ஆப்ல' என்று திருத்துகிறாள். அதற்கு 'அவள் பேசுகிறாள்' என்றல்லவா பொருள்? எதிரில் இருப்பவளை ஏவப் படர்க்கை எதற்கு? 'எனக்குக் கொடு' போன்றவற்றிலும் தடுமாறுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தோழி சொன்னதே சரி. ஆனால் அது படர்க்கையிடம் கடன் வாங்கிய வடிவம் அல்ல. லத்தீனில் 'பாடு' என்பது 'கான்த்தா', 'பாடுகிறாள்' என்பது 'கான்த்தத்'. கடைசி 'த்' தேய்ந்து விழுந்ததும் ஸ்பானிஷில் இரண்டும் 'கான்த்த' என்று ஒன்றாகிவிட்டன. நம் 'பாடு' போலவே அதுவும் பிறவி ஏவல்தான். (ஸ்பானிஷ் சொற்களில் அழுத்தம் விழும் இடத்தை நெடிலால் காட்டுகிறேன்.)

வழி எளிது. நிகழ்காலத்தின் 'நீ' வடிவத்தை எடுத்து, கடைசி 'ஸ்'ஸை விட்டுவிடுங்கள். கோமெஸ், கோமெ (சாப்பிடு). எஸ்க்ரீபெஸ், எஸ்க்ரீபெ (எழுது). அகராதி வடிவத்திலிருந்து நேரே செய்யப் போனால்தான் சறுக்கும். 'செர்ரார்' என்பதைப் பார்த்து 'சேர்ர' என்று சொல்லத் தோன்றும். நிகழ்காலம் 'சியேர்ரஸ்' என்பதால் 'கதவை மூடு' என்பது 'சியேர்ர ல புவேர்த்த'.

இந்த வழிக்கு அடங்காதவை 8. அவற்றில் நான்கு, அகராதி வடிவத்தின் வாலை நறுக்கியவை: தெனேர், தேன் (வைத்துக்கொள்), பொனேர், போன் (வை), பெனீர், பேன் (வா), சலீர், சால் (வெளியே போ). மனப்பாடம் செய்ய வேண்டியவை மற்ற நான்குதான்: தீ (சொல்), ஆஸ் (செய்), பே (போ), சே (இரு).

இனி 'எனக்கு', 'அதை'. இங்கே தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். 'எனக்கு அதைக் கொடு' என்பதில் ஆள் முன், பொருள் பின். ஸ்பானிஷிலும் அதே வரிசைதான்: மெ, லொ. ஆனால் இரண்டும் வினைக்குப் பின்னால் போய் ஒட்டி, ஒரே சொல்லாகும்: தா (கொடு) + மெ + லொ = 'தாமெலொ'. 'அவளுக்கு அதைக் கொடு' என்றால் 'லெ லொ' சேராது. 'லெ' என்பது 'செ' ஆகி 'தாசெலொ' என்று வரும்.

எத்தனை ஒட்டினாலும் அழுத்தம் வினையில் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். தாமெலொவில் அது 'தா'வில்தான். அதைக் காப்பாற்றத்தான் எழுத்தின் மேல் கோடு போடுகிறார்கள். 'தீமெ' (என்னிடம் சொல்) என்பதற்குக் கோடு வேண்டாம், அழுத்தம் இயல்பாகவே அங்கே விழுகிறது. 'ஆப்ல'வுடன் 'மெ' சேர்த்தால் 'ஆப்லமெ', கோடு உண்டு. கோட்டை விட்டுவிட்டு 'அப்லாமெ' என்று படித்தால் அது அர்ஜென்டினாக்காரர் பேச்சு! அங்கே 'நீ' என்பதற்கு 'போஸ்', அதற்கு ஏவல் 'அப்லா'. கோட்டை விடுவது வெறும் எழுத்துப்பிழை அல்ல, சொல்லின் உச்சரிப்பே அதில் இருக்கிறது. தயவுசெய்து அதை விடாமல் எழுதுங்கள்.

இதெல்லாம் 'நீ' என்று அழைப்பவரிடம் மட்டும். ஒருவரை மரியாதையாக 'நீங்கள்' என்றால் 'ஆப்லெ'. 'பேசாதே' என்று மறுக்கும்போது வடிவமே வேறு: 'நோ ஆப்லெஸ்'. அங்கே நீங்கள் வெட்டிய 'ஸ்' திரும்பி வரும், ஒட்டிய சொற்களும் பிரிந்து வினைக்கு முன்னால் போய் நிற்கும்: 'நோ மெ லொ தேஸ்', எனக்கு அதைக் கொடுக்காதே.