எண்ணெய் விடாத புஷ் தேயாமல் ஓடுவது எப்படி?

பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பர், இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரில், சுழலும் தண்டைத் தாங்கும் வளையமான வெண்கலப் புஷ் எண்ணெய் விடாமலே எப்படி ஓடுகிறது என்று கேட்டிருக்கிறார். அது உருக்கி வார்த்ததன்று. செம்புத்தூள் ஏறத்தாழ 90 பங்கும் வெள்ளீயத்தூள் 10 பங்கும் கலந்து, அச்சில் அழுத்தி, செம்பு உருகும் 1085 டிகிரியை எட்டவிடாமல், 800 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே, ஆக்சிஜன் அண்டாத உலையில் சுட்டெடுத்தது. 232 டிகிரியிலேயே உருகிவிடும் வெள்ளீயம் செம்புத் துகள்களுக்குள் ஊடுருவி வெண்கலமாக, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினாலும் இடையிடையே நுண்துளைகள் எஞ்சுகின்றன. கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரும் அந்தத் துளைகளில், காற்றை உறிஞ்சியெடுத்துவிட்டு எண்ணெயை ஏற்றுகிறார்கள். தண்டு சுழன்று சூடேறினால் எண்ணெய் கசிந்து வரும். ஆறியதும் துளைகளே அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். புதுப் புஷ்ஷை வெள்ளைத் தாளில் வைத்து வெயிலில் காட்டினால் எண்ணெய் வட்டம் படிவதைப் பார்க்கலாம். பெட்ரோலில் கழுவினால் அந்த எண்ணெய் போய்விடும். உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தால் துளைகள் அடைபடும்.