கேளுங்கள்: கரண்ட் போனால் ராணிப்பேட்டைக்கு ஓட வேண்டுமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் தலையில்தான். டெல் பவர்எட்ஜ் ஆர்710 சர்வர், ஜியான் 5500 வகை சிபியு, அதில் பழைய விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ (ஒரே சர்வரில் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் சாஃப்ட்வேர்) ஓடுகிறது, அதன் 7.0 பதிப்பு ஏற மறுக்கிறது. ராத்திரி கரண்ட் போய் வந்தால் சர்வர் தானாக எழுவதில்லை, காட்பாடியிலிருந்து பைக்கில் போய்ப் பட்டனை அமுக்குகிறேன். வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள என்ன போடலாம்?
– காட்பாடி வாசகர்

பதில்: முதலில் பைக்கை நிறுத்துவோம், அதற்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். பயாஸில் (சர்வர் எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) 'ஏசி பவர் ரெக்கவரி' என்று ஒன்று இருக்கும், அதை 'ஆன்' என்று வைத்தால் கரண்ட் வந்ததும் சர்வர் தானே எழும்.

7.0 ஏறாதது உங்கள் தவறில்லை. அதில் பழைய டிரைவர்களையும், உங்களுடையதற்கு அடுத்து வந்த 5600 வகை சிபியுவையும்கூடக் கழற்றிவிட்டார்கள். 6.7-க்கான ஆதரவும் 2022 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதனால் விஎம்களை (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்கள்) வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிட்டு (எடுத்ததை ஒரு முறை திறந்தும் பார்த்துவிட்டு) அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாறுங்கள் என்பதுதான் என் யோசனை. அதை நிர்வகிக்கத் தனி கிளையண்ட் எதுவும் வேண்டாம், பிரவுசரில் சர்வரின் ஐபியையும் 8006 போர்ட்டையும் கொடுத்தால் போதும், எல்லாம் அங்கேயே.

உங்கள் சிபியுவுக்கு ஒரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பிராக்ஸ்மாக்ஸ் 8 முதல், புது விஎம் உருவாக்கும்போது சிபியு வகை 'எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ்' என்றுதான் வரும். 5500 வகையில் ஏஇஎஸ் வசதி (தகவலை ரகசியக் குறியீடாக்கும் வேலையை சிபியுவே செய்வது) கிடையாது. ஸ்டார்ட் கொடுத்ததும் அந்த வசதி இல்லை என்று சொல்லி விஎம் நின்றுவிடும், பலர் அந்த இடத்தில் சர்வரே போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றுங்கள், ஓடும்.

சரி, சர்வரே தொங்கிவிட்டால்? அப்போது அந்த வெப் பக்கமும் சேர்ந்துதான் தொங்கும். அதற்குத்தான் ஐடிராக். போர்டிலேயே இருக்கும் தனிக் குட்டிக் கம்ப்யூட்டர் அது, பவர் கார்டு செருகியிருக்கும் வரை உயிரோடு இருக்கும். ஆர்710-இல் இருப்பது ஐடிராக் 6, எக்ஸ்பிரஸ் என்றால் ஆன், ஆஃப் செய்யலாம், திரையைப் பார்க்க முடியாது, அதற்கு எண்டர்பிரைஸ் கார்டு தனியாக வாங்க வேண்டும். அந்தத் திரையும் ஜாவாவில் ஓடுவது, இப்போதைய பிரவுசர்கள் அதன் பழைய டிஎல்எஸ்ஸை (இணைப்பைப் பாதுகாக்கும் முறை) ஏற்பதில்லை. ஃபர்ம்வேரைக் கடைசிப் பதிப்புக்கு ஏற்றிவிட்டு, பழைய ஜாவாவும் பிரவுசரும் உள்ள ஒரு லேப்டாப்பை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

தயவுசெய்து ஐடிராக்கையோ 8006-ஐயோ ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்து வெளியே திறந்துவிடாதீர்கள். ஐடிராக் போன்றவை பயன்படுத்தும் ஐபிஎம்ஐ 2.0 என்ற முறையில், லாகின் செய்யாமலே பாஸ்வேர்டின் ஹாஷை (பாஸ்வேர்டைக் குறியீடாக மாற்றிய வடிவம்) வாங்கிவிட முடியும் என்பது 2013-லேயே தெரிந்த விஷயம். வயர்கார்டு என்ற விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) மூலம் மட்டும் உள்ளே போங்கள், ஆனால் வயர்கார்டை இந்த சர்வரிலேயே வைத்தால் அது படுக்கும்போது வழியும் அடைபடும், ரவுட்டரிலோ வேறு ஒரு சின்னக் கம்ப்யூட்டரிலோ வையுங்கள். ஐடிராக்கின் 'ரூட், கால்வின்' என்ற ஆரம்ப பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, சர்வரின் கடிகாரத்தை ஓட வைக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. சத்துவாச்சாரியில் ஓர் ஆபீஸில், கத்திரி வெயில் நேரத்தில் கரண்ட் போய் வந்ததும் பிராக்ஸ்மாக்ஸ், நேரத்தை வைத்துக் கணக்கிடும் என் ஓடிபியை ஏற்கவே இல்லை. பேட்டரி செத்து, சர்வரின் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தது, நெட்டும் இன்னும் வரவில்லை, நேரத்தைத் திருத்திக்கொள்ள அதற்கு வழியே இல்லை. நேரில் நின்றுகொண்டே ஒரு மணி நேரம் வெளியில் இருந்தேன். மூடியைத் திறக்கும்போது பேட்டரியை மாற்றி, ஃபேனில் படிந்த தூசியையும் தட்டிவிடுங்கள்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி (அதுவும் விஎம்களை ஓட்டுவதுதான்) சர்வர் 2012 ஆர்2-வை விண்டோஸ் 10 ஹோம் லேப்டாப்பிலிருந்து பார்க்க முடியுமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: ஹோமில் ஹைப்பர்-வி மேனேஜர் வராது, ப்ரோ வேண்டும். டொமைன் (ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லையென்றால் லேப்டாப்பில் சர்வர் பெயரை ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் (பெயருக்கு ஐபி சொல்லும் பட்டியல்) டிரஸ்டட்ஹோஸ்ட்ஸிலும் (நம்பும் கம்ப்யூட்டர்களின் பட்டியல்) சேர்த்து, பாஸ்வேர்டை சிஎம்டிகீ என்ற கமாண்டில் பதிந்துவிடுங்கள். ஆனால் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கு ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஆபீஸ் கணக்குகள் அதில் இருந்தால் மாற்றத் தொடங்குங்கள்.